சுறாப் புட்டும் பாதரசமும்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் வழக்கம். பால் சுறா என்ற பெயரே இந்த நம்பிக்கையில் வந்ததுதான். மலாக்காவில் கோலா சுங்கை பாரு போன்ற கடலோர ஊர்களில் சுறா அரிய மீனும் அல்ல. வேறு மீனுக்கு விரித்த இழுவை வலையில் சிக்கிச் சந்தைக்கு வந்துவிடும். ஆனால் அதன் சதையில் சேரும் பாதரசம் முதலில் தாக்குவது கருவில் வளரும் சிசுவின் மூளையை என்பது பலருக்குத் தெரியாது.

நிலக்கரி எரிப்பதாலும், தங்கம் பிரித்தெடுப்பதாலும், எரிமலைகளாலும் காற்றில் கலக்கும் பாதரசம் மழையோடு கடலுக்கு வருகிறது. 'கோலா' என்றால் ஆற்றுவாய். அத்தகைய இடங்களின் காற்றுப்புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. ஆழ்கடலிலும் இது நடக்கிறது. நுண்பாசியிலிருந்து கூனி, நெத்திலி, கெம்போங் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் அது சுறாவில் குவிகிறது.

எல்லாச் சுறாவும் ஒன்றல்ல. வயதும் நீளமும் கூடக் கூடப் பாதரசமும் கூடும். மீனைத் தின்னும் சுறாவில் அதிகம். நண்டு, சிப்பி தின்பதில் குறைவு. ஆழத்தில் வாழ்பவற்றில் இன்னும் அதிகம். தாய்ச் சுறா தன் பாதரசத்தில் ஒரு பங்கைக் குட்டிக்கும் கொடுக்கிறது.

மனிதத் தாயும் அப்படித்தான். ஜப்பானின் மினமாட்டாவில் ரசாயனத் தொழிற்சாலைக் கழிவு கலந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956-இல் வெளிப்பட்டது. அங்கே அதிக நோய்க்குறி இல்லாத தாய்மாருக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன.

அமெரிக்க அரசு 1990 முதல் 2012 வரை சோதித்த சுறாக்களில் கிலோவுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1 மில்லிகிராம் பாதரசம் இருந்தது. நெத்திலி, மத்தியில் 0.02 மில்லிகிராம்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் அமைத்த நிபுணர் குழுவின் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்திற்கு 96 மைக்ரோகிராம் மீதைல் பாதரசமே எல்லை. அந்தச் சராசரிச் சுறாவில் 100 கிராம் தின்றாலே எல்லை தாண்டிவிடும். கர்ப்பிணிகள் சுறாவைத் தொடவே வேண்டாம் என்கிறது அமெரிக்கா. ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அனுமதிக்கிறது, அதுவும் வேறு மீன் உண்ணாமல்.

மஞ்சள் போட்டு அலசினாலும், அவித்து உதிர்த்தாலும் இது போகாது. கொழுப்பில் அல்ல, சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. உடம்பில் பாதி குறையவே சுமார் 50 நாள் ஆகும். ஆகவே எச்சரிக்கை தேவைப்படுவது பிரசவத்துக்குப் பின் மட்டுமல்ல, கருத்தரிப்பதற்குப் பல மாதம் முன்பே.

தாய்ப்பால் வழியாகச் செல்லும் அளவு கருவில் செல்வதைவிடக் குறைவு. அதற்காகப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. உண்மையான பால் சுறா 1.1 மீட்டரைத் தாண்டுவது அரிது, அதனால் பெரிய சுறாவைவிட அதில் பாதரசம் குறைவாகவே இருக்கும். சந்தையில் துண்டு போட்டு வைத்திருந்தால் அது எந்தச் சுறா, எவ்வளவு நீளம் என்று வாங்குபவருக்குத் தெரியாது. முழு மீனாக, சிறியதாகப் பார்த்து வாங்குவதே நல்லது.