வேலியே பயிரை மேயும் விந்தை

வேலியே பயிரை மேய்வதுண்டா என்று ஐயுறுவோர் தம் நெஞ்சுக்குள் இருக்கும் சுவாசப்பையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் நலம். சராசரி மனிதனின் சுவாசப்பைகளில் ஏறத்தாழ 48 கோடி காற்றுச் சிற்றறைகள் உள்ளன. விரிந்த சிற்றறை மூச்சு விடும்பொழுது றப்பரைப் போலச் சுருங்குவதற்கு, அதன் மெல்லிய சுவரிலுள்ள எலாஸ்ரின் என்னும் நார்ப்புரதம் காரணமாகும்.

1963 ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டின் மல்மோ நகரில் லோரெல் என்னும் நிபுணரும் எரிக்சன் என்னும் இளம் வைத்தியரும், குருதியிலுள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் பட்டிகளை ஆராய்ந்தனர். சுமார் 1,500 பட்டிகளுள் 5 பட்டிகளில் மட்டும் வழக்கமான ஒரு கோடு தோன்றவில்லை. வேறொருவராயின் பட்டி பழுதென்று ஒதுக்கியிருப்பர். இவர்களோ அந்த ஐவரும் யாவர் என்று தேடினர். அவர்களுள் மூவர் இளவயதிலேயே எம்பிசீமா என்னும் சுவாசப்பை வியாதிக்கு ஆளானவர்கள்!

காணாமற்போன பொருள் அல்பா-1 அன்ரிற்றிப்சின் என்னும் புரதம். ஈரலில் உண்டாகிக் குருதி வழியே சுவாசப்பையை அடைவது அது. அதன் தொழில் யாது? கிருமியோ புகையோ சிற்றறையுட் புகுந்ததும், அங்கே காவல் புரியும் பெருவிழுங்கிக் கலங்கள் இன்டர்லூக்கின்-8 முதலான இரசாயனத் தூதுகளை விடுக்கின்றன. அத்தூது கேட்டு, நியூற்றோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் திரள் திரளாக வந்து சேர்கின்றன. அவை தாங்கிவரும் ஆயுதங்களுள் ஒன்று எலாஸ்ரேஸ் என்னும் நொதியம். அதற்குப் பகையென்றும் சொந்தச் சுவரென்றும் பேதம் தெரியாது, எலாஸ்ரினையும் அறுத்துவிடும். வெளியே சிந்திய எலாஸ்ரேசைப் பிடித்து அடக்குவதே மேற்சொன்ன புரதத்தின் தொழில். அஃது இல்லாதவிடத்துச் சுவர்கள் அறுந்து, சிற்றறைகள் பல ஒன்றாகி வெறும் பைகளாகின்றன. உட்புகுந்த காற்று எளிதில் வெளியேறாது. சிறிது தூரம் நடந்தாலும் மூச்சு முட்டும்.

இப்பிறவிக் குறை வட ஐரோப்பிய வம்சத்தினரிடையே கூடுதலாகவும், ஆசிய மக்களிடையே மிக அரிதாகவும் காணப்படுகிறது. ஆகவே நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? சிகரெட் புகை இருவழியாலும் வஞ்சனை செய்கிறது. நியூற்றோபில்களை ஓயாது வரவழைக்கிறது. அதேவேளை, காவற்புரதத்திலுள்ள மெதியோனின் என்னும் கூற்றை ஒட்சியேற்றி அதன் வலிமையையும் கெடுக்கிறது. புரதம் போதிய அளவு இருந்தும் பயன் குன்றுகிறது. நெடுங்காலம் விறகுப் புகையைச் சுவாசித்த பெண்களுக்கும், ஒரு சுருட்டேனும் தொடாதவராயினும், நாட்பட்ட மூச்சுத்தடை நோய் வருவதுண்டு. காலை இருமலைப் 'பழகிய இருமல்' என்று வீட்டார் பொருட்படுத்தாமல் விடுவதுதான் வேதனை.

தானமாகப் பெற்ற குருதித் திரவத்திலிருந்து இப்புரதத்தைப் பிரித்து, வாரந்தோறும் நாளத்தில் ஏற்றும் சிகிச்சைக்கு 1987 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறவிக் குறையுடையோருக்கே அது உரியது. அழிவைத் தாமதப்படுத்துமேயன்றி, அறுந்த சுவரை அது மீளக் கட்டாது. புகையால் நோயுற்றவர் புகையை நிறுத்தினால் நலிவின் வேகம் குறைகிறது. ஆயினும், நிறுத்திய பின்னரும் அந்த வெண்குருதிக் கலங்கள் நெடுநாள் சுவாசப்பையை விட்டு அகலாதிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.