காலைப் பசி எங்கே போகிறது?

காலையில் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையைப் பற்றி வீட்டில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். பிள்ளை அடம் பிடிக்கிறது என்பது ஒன்று, வயிற்றில் ஏதோ கோளாறு என்பது மற்றொன்று. அடத்துக்கு மிரட்டலும் செல்போனும் மருந்து. கோளாறுக்கு மருந்துக்கடை சிரப். பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு தீர்ப்புமே தவறு என்பது என் கருத்து. பசி வராத நேரத்தில் சோறு வைக்கிறோம், பசி வரும் நேரத்தில் சாப்பிட விடுவதில்லை. உடல் கடிகாரத்தின்படி பசி ஏறி இறங்குவதை அமெரிக்காவில் ஃபிராங்க் ஷீர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பன்னிரண்டு பேரைப் பல நாட்கள் மங்கிய வெளிச்சத்தில், பகல் இரவு தெரியாமல் வைத்துப் பார்த்தார்கள். காலை எட்டு மணி வாக்கில் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு காலையில்தானே அதிகம் பசிக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை. அவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கையிலும் சிலர்; அந்த அளவை அப்படியே ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் கண் விழித்ததுமே பசிக்காத பிள்ளையை விசித்திரமாகப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்ல அது போதும்.

உடம்பின் இந்த இயல்போடு ஊரின் இரவும் சேர்ந்துகொள்கிறது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறி இருப்பது வீட்டுக்குள்தான். முகூர்த்த மாதத்துக்கு முன் சேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டுமென்றால் வேலை இரவில் நீளும், சாப்பாடும் அதன் பின்னால் தள்ளிப்போகும். தறி இல்லாத வீடுகளில் அதே தாமதத்தைத் தொலைக்காட்சியும் டியூஷனும் செய்கின்றன. ஒன்பதரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுத்த பிள்ளையை ஆறரை மணிக்கு எழுப்புகிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்கவியல் மருத்துவர்களின் பரிந்துரை. அந்தக் கணக்கில் இந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரமாவது குறைகிறது. இரவில் கண்ணில் படும் பிரகாசமான வெளிச்சம், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகமாக அடக்குகிறது. உடல் கடிகாரம் தள்ளிப்போகும்போது பசியும் கூடவே தள்ளிப்போகிறது. ஏழரை மணிக்கு இட்லித் தட்டு வரும்போது அந்த உடம்புக்கு இன்னும் முழுதாக விடியவில்லை.

அந்தக் காலப் பிள்ளைகள் விடிந்ததும் பழைய சோற்றை வழித்துச் சாப்பிடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிட்டார்கள். இருட்டும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்தவர்கள் அவர்கள். சூரியனோடு எழுந்து, வேலை செய்த பிறகு உண்டவர்கள். நெசவுத் தெருக்களில் அதிகாலையிலேயே பாவு எனும் நெடுக்கு நூலை நீட்டிக் கஞ்சி போடும் வேலை நடக்கும். கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா ஓட வேண்டும் என்பதால் நெசவாளருக்குப் பக்கத்தில் ஓர் உதவிக் கை தேவை. அந்தக் கை பல வீடுகளில் பிள்ளையின் கையாக இருந்தது, பள்ளிக்கூடம் எட்டாக் கனியாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் காலைப் பசிக்குக் கொடுத்த விலை அது. அந்த விலையை இனி யாரும் கொடுக்க வேண்டாம். அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: இரவுச் சாப்பாடு சீக்கிரம் முடிந்தது, விழிப்புக்கும் முதல் உணவுக்கும் நடுவே உடம்பு அசைய நேரம் இருந்தது. தட்டில் என்ன வைக்கிறோம் என்பதும் முக்கியம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியில் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்ததில் ஒரு பக்குவம் தெரிகிறது. சித்த மருத்துவத்தில் செரிமான மந்தத்துக்குக் கொடுக்கும் திரிகடுகத்தில் சுக்கும் மிளகும் உண்டு. அவை பசியை வரவழைத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். சப்பென்ற உப்புமாவைவிட மணமுள்ள ஒரு சின்ன இட்லியைப் பிள்ளை தொட்டுப் பார்க்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லலாம்.

பசி இல்லையென்றால் விட்டுவிடலாமே, பட்டினி கிடந்தால் தானாகக் கேட்கும் என்பது இன்னொரு வாதம். அதில் பாதி சரி. வற்புறுத்தி ஊட்டுவது சாப்பாட்டின் மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும். ஆனால் பிள்ளையின் உடம்புக்குப் பெரியவர்களைப் போல நீண்ட நேரம் தாங்கும் இருப்பு கிடையாது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் மூளை பெரிது, அது கேட்கும் குளுக்கோஸும் அதிகம். கல்லீரலில் சேமிப்போ குறைவு. ஜமைக்காவில் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனைகளில், காலை உணவைத் தவறவிட்டபோது ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளின் கவனமும் நினைவும்தான் தெளிவாகத் தடுமாறின. அங்கேயே கிராமப் பள்ளிகளில் ஓர் ஆண்டு காலை உணவு கொடுத்துப் பார்த்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில் வருகை கூடியது, கீழ் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கும் மேம்பட்டது. நன்றாக உண்டு வளரும் பிள்ளைகளிடம் இந்த விளைவு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. காலையில் சாப்பிடும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்ற பேச்சுக்குள் வீட்டு வசதியும் கலந்திருக்கிறது. ஆகவே வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு நாள் பால் மட்டும் குடித்துவிட்டுப் போனால் பதற வேண்டாம். மெலிந்த பிள்ளை தினமும் வெறும் வயிற்றோடு போனால் பதறியே ஆக வேண்டும்.

இங்கேதான் தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் நமக்கு ஒரு பாடம். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று, 2022-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் பரவியது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சிறுதானியமோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று கணக்கு. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல். இது வறுமைக்கான ஏற்பாடு, பசியில்லாத பிள்ளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வீட்டில் உணவு இல்லாத பிள்ளையையும் உணவை மறுத்துவிட்டு வந்த பிள்ளையையும் வகுப்பறையில் பிரித்தறிய முடியாது. பதினொரு மணிக்கு இருவர் வயிறும் ஒன்றாகத்தான் காந்துகிறது. பள்ளித் தட்டு வீட்டுத் தட்டைவிடச் சற்றுத் தாமதமாக வருகிறது. அதற்குள் பிள்ளை நடந்திருக்கிறது, ஓடியிருக்கிறது, பக்கத்தில் நண்பர்கள் சாப்பிடுகிறார்கள், வாயருகே கரண்டியை நீட்டி நிற்க யாருமில்லை. வீட்டில் மறுத்த கைக்கு அங்கே உப்புமா பிடித்துப்போவதில் வியப்பு இல்லை.

வீட்டிலும் இப்படி ஒரு சூழலை உருவாக்கலாம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கொண்டுவருவதுதான் முதல் வேலை. தறி வேலை முடியாவிட்டால் பிள்ளைக்கு மட்டுமாவது முன்னதாகப் போட்டுவிட வேண்டும். எழுந்ததும் தண்ணீர் கொடுக்கலாம். சத்துமாவு கலந்த பெரிய டம்ளர் பாலை முதலில் கொடுத்தால் சிறிய வயிற்றில் இட்லிக்கு இடம் இருக்காது. காலையில் ஓர் இட்லி போதும். மற்றது டப்பாவில் போகட்டும். பசியைத் தூண்டும் சிரப்புகள் பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடின் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கக் கலக்கம் தரும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதை மருத்துவர் சொல்லாமல் கொடுப்பது பெரிய தவறு. எடை ஏறாமல் நிற்பது, சோர்வு, வெளிறிய முகம், மலச்சிக்கல், மூன்று வேளையும் பசியின்மை இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்துக் குறைவு பசியையே அடக்கும், குடற்புழுவும் அப்படியே. பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

எனக்குக் கவலை தருவது ஆறாம் வகுப்பு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பருவ வயதை நெருங்கும் அந்தக் காலத்தில்தான் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னே நகரத் தொடங்குகிறது: தூக்கம் தாமதமாகிறது, காலைப் பசி இன்னும் குறைகிறது, வளர்ச்சிக்கான தேவையோ கூடுகிறது. மதிய மணிவரை அந்தப் பிள்ளையைக் காக்க வைப்பதற்குப் பதில், முற்பகல் இடைவேளையைப் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாக்கி, டப்பாவைத் திறக்க அனுமதித்து, டப்பா கொண்டுவர முடியாத பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சுண்டலைப் பள்ளியே கொடுத்தால், எட்டு மணிக்கு வராத பசிக்குப் பத்தரை மணிக்காவது சாப்பாடு கிடைக்கும்.