குஞ்சு பொரிக்க 21 நாள், நாய்க்குட்டி பழக 14 வாரம்

மாணவர்களே, கடந்த பள்ளி விடுமுறையில் ஓர் இரவு பத்தரை மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் மேருவில் வசிக்கும் என் இரண்டாம் படிவ மாணவன். இன்குபேட்டர் பெட்டிக்குள் ஒரு முட்டை. அதன் பருத்த முனைக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஓர் ஓட்டை. படத்தின் கீழே இப்படி எழுதியிருந்தான்: "டீச்சர், இன்று இருபதாம் நாள். காலையிலேயே கொத்திவிட்டது. பன்னிரண்டு மணி நேரமாக அப்படியே கிடக்கிறது. உள்ளே கத்துவது கேட்கிறது. ஓட்டை உரித்துக் குஞ்சை வெளியே எடுத்துவிடட்டுமா?"

"வேண்டாம். மூடியைத் திறக்கவே கூடாது. போய்த் தூங்கு" என்று பதில் அனுப்பினேன். அவன் தூங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் தூங்கவில்லை.

ஏனென்றால், ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் இதே நிலையில் நான் பொறுமை இழந்திருக்கிறேன். பாவம், குஞ்சு தவிக்கிறதே என்று இடுக்கியால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தேன். உள்சவ்வு கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. விடிவதற்குள் குஞ்சு இறந்துவிட்டது. அது தவிக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

என்ன வேலை? முட்டைக்குள் இருக்கும்வரை கரு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சவ்வு இருக்கிறது. முட்டை ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக வரும் ஆக்சிஜனை அந்தச் சவ்வுதான் வாங்கிக்கொள்கிறது. பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு தன் அலகால் பருத்த முனையிலுள்ள காற்றறையைத் துளைக்கிறது. வாழ்க்கையின் முதல் மூச்சு அங்கேதான். பிறகு அலகின் நுனியில் உள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கொத்துகிறது. அதற்குப் பின் பல மணி நேரம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆனால் உள்ளே, சவ்வில் ஓடிக்கொண்டிருந்த இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது; மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இரண்டும் முடிந்த பிறகே குஞ்சு சுழன்று, ஓட்டை வட்டமாக வெட்டி வெளியே வரும். கொத்தியதிலிருந்து 12 முதல் 24 மணி நேரம் பிடிப்பது இயல்பு. அதற்குள் நாம் உரித்தால் இரத்தம் நிறைந்த குழாய்களைத்தான் அறுக்கிறோம். மூடியைத் திறந்தாலே ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதனால் சுழலவும் முடியாது.

வயிற்றுக்குள் போன மஞ்சள்கரு ஒரு கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டு குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலே இருக்கும். பின்தங்கிய முட்டைகள் பொரியும்வரை தாய்க்கோழி கூட்டிலேயே உட்கார்ந்திருக்க முடிவது இதனால்தான். பண்ணைகள் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடுக்கித் தொலைதூரம் அனுப்புவதும் இதை நம்பித்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுத்த படம் வந்தது. நனைந்த பஞ்சுபோல் ஒரு குஞ்சு.

மேருவின் காற்றைக் கணக்கிடுவோம்

அவன் அடை வைத்தது பன்னிரண்டு கம்பத்துக் கோழி முட்டைகள். பேரங்காடியில் அட்டையோடு விற்கும் முட்டையை வைத்தால் குஞ்சு வராது. அந்தப் பண்ணைகளில் பெட்டைகளோடு சேவல் இருப்பதில்லை. சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். இட்டு ஏழு நாளைக்குள் வைத்துவிட வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று கழுவக் கூடாது. ஓட்டின் மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கழுவினால் அது போய்விடும். கூரிய முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பாட்டிமார் சொல்வார்கள். நீங்களே குறித்துவைத்துச் சோதித்துப் பாருங்கள். பாட்டியோடு சண்டை போட வேண்டாம்.

மின்விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸ். இதில் யாரும் அதிகம் தவறுவதில்லை, கருவியே பார்த்துக்கொள்ளும். தவறு நடப்பது ஈரப்பதத்தில். என் மாணவன் குளிர்நாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்து, பெட்டியின் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளையும் முதல் நாளே நிரப்பிவிட்டான். குளிர்நாட்டில் அது சரி. மேருவில்?

ஒரு கணக்குப் போடுவோம். 28 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊர் ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதில் இருப்பது சுமார் 22 கிராம். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 பாகைக்குச் சூடானால் 45 கிராம் வரை தாங்கும். 22-ஐ 45-ஆல் வகுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 55 விழுக்காடு. அதாவது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே நம் காற்று கிட்டத்தட்ட அங்கே கொண்டுபோய் விடுகிறது! அதே பெட்டியைக் குளிர்சாதன அறையில் வைத்தால் கணக்கு மாறும். 24 பாகை, 55 விழுக்காடு என்றால் பெட்டிக்குள் கிடைப்பது 27 விழுக்காடுதான். அங்கே தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

ஈரம் கூடினால் என்ன கெட்டுவிடும்? முட்டை தன் எடையை இழக்க வேண்டும். 18 நாளில் 12 முதல் 13 விழுக்காடு வரை நீர் ஆவியாகிப் போக வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். அப்படிப் போகும் இடத்தில்தான் காற்றறை பெரிதாகிறது. ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்துவிடும், முதல் மூச்சுக்கு இடம் இருக்காது. வீட்டில் அம்மா மாவு நிறுக்கும் தராசே இதற்குப் போதும். மூன்றாம் நாள் எடைகளைப் பார்த்துவிட்டு ஒரு தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். கடைசி மூன்று நாள் மட்டும், ஓட்டைக் கொத்தும் நேரத்தில் சவ்வு காயாதிருக்க, 65 முதல் 70 விழுக்காட்டுக்கு ஏற்ற வேண்டும்.

முட்டையைத் திருப்புவதும் அப்படித்தான். பதினெட்டாம் நாள்வரை தினமும் குறைந்தது மூன்று முறை திருப்பாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். பதினெட்டுக்குப் பின் திருப்பவே கூடாது. குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் வைத்துத் தயாராகும் நேரம் அது. முன்பு உயிர் காத்த கை, பின்பு கெடுத்துவிடும். மின்தடை வந்தால் பதறாதீர்கள். பெட்டியைத் துண்டால் போர்த்திவிடுங்கள். அடைக்கோழிகூட தினமும் சிறிது நேரம் எழுந்து மேயப் போகிறது.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில், மூன்றாம் நாளில் வெள்ளைக்கருவின் நடுவே துடிக்கும் இரத்தப் புள்ளி ஒன்றைப் பற்றி எழுதிவைத்தார். அது இதயம். அவர் அறிந்தது முட்டையை உடைத்துப் பார்த்து. உங்களிடம் டார்ச் இருக்கிறது.

பன்னிரண்டில் எட்டு பொரித்தன. இரண்டு கூமுட்டை, இரண்டு பாதியில் நின்றுவிட்டன. முதல் முயற்சிக்கு இது நல்ல கணக்கு.

மணி செய்தது

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை அவனே தொலைபேசியில் அழைத்தான். அழுகை. வீட்டு நாய் மணி கூண்டின் கதவைத் தள்ளி நுழைந்து மூன்று குஞ்சுகளைக் கொன்றுவிட்டது. தின்னவில்லை, கடித்துப் போட்டிருந்தது. மணிக்கு நான்கு வயது. தோட்டத்து உறவினர் வீட்டிலிருந்து வந்தது, எலி பிடிப்பதில் கெட்டி. அதற்காகவே வீட்டில் எல்லாரும் அதை மெச்சுவார்கள். இப்போது அப்பா அதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார், தாத்தா மறுக்கிறார். "டீச்சர், மணி கெட்ட நாயா?" என்று கேட்டான்.

இல்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. நாயின் வேட்டை நடத்தையை அறிவியலாளர்கள் ஒரு சங்கிலியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: உற்றுப் பார்த்தல், பதுங்கி நகர்தல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல். ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுமையாக இருக்கிறது. அமெரிக்காவில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ஆடு காக்கும் நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர், மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இந்தச் சங்கிலி இனத்துக்கு இனம் வேறு இடத்தில் அறுந்திருக்கிறது என்று விளக்கினார். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி துரத்துவதோடு நிறுத்திக்கொள்ளும். காவல் இனங்களில் முதல் கண்ணிகளே மங்கியிருக்கும். டெரியர் இனங்கள், தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, இராஜபாளையம் போன்ற வேட்டை நாய்கள் ஆகியவற்றில் சங்கிலி உறுதியாக இருக்கும். அழகும் வேகமும் பார்த்து அவற்றைக் கோழிக் கூண்டுக்குக் காவல் வைப்பது, பூனையை மீனுக்குக் காவல் வைத்த கதைதான். மணி எலியைப் பிடிக்கும்போதெல்லாம் வீட்டார் தட்டிக்கொடுத்தார்கள். படபடவென்று ஓடும் சிறிய பொருள் எலியானால் என்ன, குஞ்சானால் என்ன?

இனம் மட்டும் போதாது, பருவமும் வேண்டும். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்டார்கள். பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம்வரை குட்டியின் மனக்கதவு திறந்திருக்கிறது. அப்போது பழகிய உயிர்களைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1961-இல் வெளியான ஓர் ஆய்வில், வேலி அடைத்த திடலில் மனிதரைப் பார்க்காமலே 14 வாரம் வளர்ந்த குட்டிகளைப் பிறகு பழக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஸ்காட்டின் ஆய்வுக்கூடத்துக்கு நம் நாட்டு நாய்களும் போயிருக்கின்றன தெரியுமா? பகாங்கில் ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்களில் ஓர் இணையை 1963-இல் ஆர்வில் எலியட் என்ற ஆய்வாளர் அங்கே கொண்டு சேர்த்தார். தெலோம் ஆற்றின் பெயரால் அவற்றுக்குத் தெலோமியன் என்று பெயர். தூண்மேல் கட்டிய வீடுகளுக்கு ஏணியில் ஏறிப் போகும் நாய்கள் அவை.

கோழிக்குஞ்சுக்கும் இப்படி ஒரு கதவு உண்டு, ஆனால் அது ஓரிரு நாளில் மூடிவிடும். பொரித்தவுடன் கண்ணில் பட்டு நகரும் பொருளைத் தாய் என்று பின்தொடரும். கான்ராட் லாரன்ஸ் வாத்துக்குஞ்சுகள் பின்தொடர நடந்துபோகும் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர் 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். என் மாணவனின் குஞ்சுகள் அவனுடைய நீலச் செருப்பைத் தொடர்ந்து ஓடின.

நாய் கோழியைக் காக்கும் என்பதற்கு நல்ல சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் வார்னம்பூல் கடற்கரையை ஒட்டிய மிடில் தீவில் குட்டிப் பென்குவின்கள் வாழ்கின்றன. கடல்நீர் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே போய் அவற்றைக் கொன்றன; 2005 வாக்கில் பத்துக்கும் குறைவாகவே மிஞ்சின. அந்த ஊரில் ஆலன் மார்ஷ் என்பவர் தம் கோழிப் பண்ணையைக் காக்க இத்தாலிய மரெம்மா நாய்களை வளர்த்துவந்தார். கோழியைக் காப்பது பென்குவினைக் காக்காதா? 2006-இல் அவருடைய நாய் தீவுக்குப் போனது. பென்குவின்களின் எண்ணிக்கை மீண்டும் நூறைத் தாண்டியது.

அதற்காக மரெம்மாவைத் தேடாதீர்கள். அந்த அடர்ந்த ரோமம் நம் வெயிலுக்கு ஆகாது. சாதாரண நாட்டு நாய்க்குட்டியே போதும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதைக் கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. முடிந்தால் தாய் நாய் கோழிகளுக்கு நடுவே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வளர்ந்த கோழியைக் குட்டிகளுக்குக் காட்டுங்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பும் குட்டி நல்லது. கண் கொட்டாமல் உடல் தாழ்த்திப் பதுங்கும் குட்டி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் வேண்டாம். பிறகு தினமும் கயிற்றோடு கோழிகள் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு வயதைக் கடக்கும்வரை தனியே விடாதீர்கள். இளம் நாய் விளையாட்டாகத் துரத்தியே கொன்றுவிடும். தடுப்பூசியை மறக்கக் கூடாது. நாய்க்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும், தாமான் வீட்டில் கோழி வளர்ப்பதற்கும் விதிமுறைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். மேருவில் பல இனத்தவர் அடுத்தடுத்து வாழ்கிறோம். நாய் நம் வேலிக்குள்ளேயே இருப்பது அண்டை வீட்டாருக்கு நாம் தரும் மரியாதை.

நாய் இருப்பதால் கூண்டு தேவையில்லை என்றும் எண்ண வேண்டாம். செம்பனைத் தோட்டமும் கால்வாயும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் பகலில் உடும்பும் காகமும், இரவில் மூசாங்கும் மலைப்பாம்பும் வரும். பெரிய கண் உள்ள கோழி வலையில் பாம்பும் எலியும் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை வாங்குங்கள்.

மணி எங்கும் போகவில்லை. தாத்தா முன்வாசலுக்கும் பின்கட்டுக்கும் இடையே ஒரு வேலி போட்டார். மணி முன்வாசல் காவல், எலி வேட்டையும் அங்கேதான். பின்கட்டுக்கு ஒன்பது வாரக் குட்டி ஒன்று வந்திருக்கிறது, இன்னும் பெயர் வைக்கவில்லை. மிஞ்சிய ஐந்து குஞ்சுகளில் மூன்று சேவல் போலத் தெரிகிறது, விடியற்காலைக் கூவலை அப்பா எப்படித் தாங்குவாரோ. இரண்டாம் முறை அடை வைத்த முட்டைகளுக்கு நேற்று ஏழாம் நாள். டார்ச் வெளிச்சத்தில் பத்து முட்டைகளைப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் எடையும் எழுதி அனுப்பினான். எட்டாம் எண் முட்டையில் நரம்பு எதுவும் தெரியவில்லை, எடுத்துப் போட மனம் வரவில்லை என்றான். பத்தாம் நாள் மறுபடி பார்ப்போம், அப்போதும் தெளிவாகவே இருந்தால் எடுத்துவிடு, அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.