‘சேவ் ஆகிவிட்டது’ என்று கம்ப்யூட்டர் சொன்னால் நம்பலாமா?

ஒரு மணி நேரம் உட்கார்ந்து டைப் செய்த கடிதம். திடீரென கரண்ட் கட். மறுபடி கம்ப்யூட்டரை ஆன் செய்தால், எழுதியது எதுவுமே இல்லை. நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போது தகவல்கள் இருப்பது ரேமில். படுவேகமானது, ஆனால் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஹார்ட் டிஸ்க் மறக்காது. ஆனால் வேகம் குறைவு.

இரண்டின் நல்ல குணமும் ஒன்றாகச் சேர்ந்தால்? அதுதான் ‘பெர்சிஸ்டென்ட் மெமரி’. ரேம் செருகும் இடத்திலேயே செருகலாம். கரண்ட் போனாலும் மறக்காது. சர்வர்களுக்காக இன்டெல் நிறுவனம் 2019-ல் ‘ஆப்டேன்’ என்ற பெயரில் 128, 256, 512 ஜி.பி அளவுகளில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் இனி டேட்டா தொலையவே தொலையாதா? அவசரப்படாதீர்கள்!

சட்டைப்பையில் தங்கிய கடிதம்

புராசஸர் எழுதும் தகவல் நேராக மெமரிக்குப் போய்விடாது. முதலில் ‘கேஷ்’ என்ற சின்ன இடத்தில் தங்கும். தபால் பெட்டியில் போடச் சொல்லிக் கொடுத்த கடிதம் பையனின் சட்டைப்பையிலேயே இருப்பது போலத்தான். அந்த நேரம் கரண்ட் போனால், பொதுவாக கேஷில் இருப்பது காலி. அதனால், ‘கேஷில் இருப்பதை மெமரிக்கு அனுப்பு’ என்று உத்தரவிட்டு, அது முடிந்த பிறகே ‘சேவ் ஆகிவிட்டது’ என்று சாஃப்ட்வேர் சொல்ல வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. டேட்டா பத்திரமாக இருந்து, ஃபைலின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு தொலைந்தால் என்ன பயன்? அந்தக் குறிப்பையும் சேர்த்துக் காப்பாற்றும் வசதி, 2018-ல் வெளியான லினக்ஸ் 4.15-ல் வந்தது.

வாடகை வீட்டு லாக்கர்

ஒரே சர்வருக்குள் சாஃப்ட்வேரே பல கம்ப்யூட்டர்களை உருவாக்கும். அவற்றுக்கு ‘விர்ச்சுவல் மெஷின்’ என்று பெயர். சர்வர் ஹவுஸ் ஓனர் என்றால், இவை வாடகைக்குக் குடியிருப்பவை.

குடியிருப்பவர் சுவர் லாக்கரில் நகையை வைத்துப் பூட்டுகிறார். ஆனால், லாக்கரின் பின்பக்கம் ஹவுஸ் ஓனரின் ஹாலைப் பார்த்துத் திறந்திருந்தால்? இங்கேயும் அதே கதைதான். விர்ச்சுவல் மெஷினுக்கு ‘பெர்சிஸ்டென்ட் மெமரி’ என்று காட்டப்படுவது, உண்மையில் சர்வரின் டிஸ்க்கில் உள்ள சாதாரண ஃபைலாக இருக்கலாம். அதில் எழுதியது, சர்வரின் ரேமிலேயே சற்று நேரம் தங்கும். அப்போது சர்வருக்குக் கரண்ட் போனால், ‘சேவ்’ ஆன டேட்டாவும் போச்சு!

இதற்குத் தீர்வாக 2019-ல் லினக்ஸில் சேர்ந்ததுதான் ‘விர்ட்டியோ பி-மெம்’. ‘டிஸ்க்கில் எழுதிவிட்டுச் சொல்’ என்று விர்ச்சுவல் மெஷின் கேட்கும். சர்வர் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும்.

ஆப்டேன் தொழிலிலிருந்து விலகுவதாக 2022-ல் இன்டெல் அறிவித்துவிட்டது. ஆனால், அது கற்றுக்கொடுத்த பாடம் நமக்கும் பொருந்தும். ‘சேவ் ஆகிவிட்டது’ என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் குடும்ப போட்டோக்களுக்கு வேறொரு இடத்தில் காப்பி இருக்கிறதா? இன்றே அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.