நுரையீரல் புற்றுநோயும் உயிர் பிழைக்கும் வாய்ப்பும்

பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் 1959-ஆம் ஆண்டிலும், கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இவை ஆராயும் நோய்கள் வெவ்வேறாயினும், நுரையீரலைத் தாக்குங்கால் அவற்றின் அறிகுறிகள் பெரிதும் ஒத்துள்ளன. நீடித்த இருமல், சளியில் இரத்தம், மார்பு வலி, உடல் மெலிவு ஆகியவை இரண்டிற்கும் பொது. எக்ஸ்-ரே படத்தில் காணும் நிழலும் சில வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் காலந்தாழ்ந்து வெளிப்படுவதற்கு இவ்வொற்றுமை ஒரு முக்கிய காரணமாகும்.

நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுகள் கழிந்த பின்னும் உயிர்வாழ்வோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே மருத்துவர் கையாளும் அளவுகோல். பிற காரணங்களால் நேரும் மரணங்களை ஒதுக்கியே இதனைக் கணக்கிடுவர். 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்டோரைப் பற்றிய உலகளாவிய ஆய்வொன்றில், இத்தொகை பெரும்பாலான நாடுகளில் 10 முதல் 20 வரையே இருந்தது. ஜப்பானில் 33 ஆக இருந்தது.

ஆயின் இவை சராசரிகளே. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, நோய் நுரையீரலுக்குள் அடங்கியிருக்கையில் கண்டறியப்பட்டோருள் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ 10 பேரே கடக்கின்றனர். தொடக்க நிலையில் கட்டியை அறுத்து அகற்ற இயலும். பரவிய பின், மருந்துகளும் கதிர்வீச்சும் ஆயுளை நீட்டிக்கவும் துன்பத்தைத் தணிக்கவும் உதவுமேயன்றி, முற்றிலும் குணப்படுத்துவது அரிது. நுரையீரல் திசுவில் வலியுணரும் நரம்புகள் மிகக் குறைவாதலின், கட்டி நெடுநாள் ஓசையின்றி வளர்கிறது.

இந்நிலையில், சளிச் சோதனையில் காசநோய்க் கிருமி காணப்படாமலே, எக்ஸ்-ரே நிழலை மட்டும் கொண்டு காசநோய் மருந்து தொடங்கப்படின், மாதங்கள் வீணாகக் கழியக்கூடும். மருந்துண்டும் இருமலோ மெலிவோ குறையாதவரை, மருந்து முடியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் மீண்டும் அனுப்புதல் கள ஊழியரின் கடமை. திசுச் சோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். நோயாளி தாமாகவே மருந்தை நிறுத்தலாகாது. இரு நோய்களும் ஒருவரிடமே இருத்தலும் கூடும்.

பீடி, சிகரெட் புகைத்தல் இந்நோயின் தலையாய காரணம். எனினும் புகைக்காதவரும், பெண்களும் இதற்கு ஆளாகின்றனர். ஆதலின் அவர்தம் இருமலையும் அலட்சியம் செய்தல் தகாது. எவ்வயதில் புகைப்பதைக் கைவிட்டாலும் அபாயம் குறையும் என்பதை ஆசிரியர்கள் மாணவர் வாயிலாக இல்லந்தோறும் அறிவிக்கலாம்.