உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார்கள்

பெங்களூரு கர்நாடக சித்ரகலா பரிஷத்துக்குப் போகிறவர்கள் ரோரிக் கூடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சுவரெங்கும் இமயமலை. நீலம், ஊதா, விடியற்காலையின் ஆரஞ்சு. நிக்கோலஸ் ரோரிக் டெம்பரா வண்ணத்தில் வரைந்தவர். அதில் எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு கிடையாது. வெளிச்சம் மலைக்குள்ளிருந்தே வருவதுபோல் தெரியும். பல படங்களில் மலையடிவாரத்தில் விரல் நகத்தளவில் ஒரு மனித உருவம் இருக்கும். கிட்டப் போய்த் தேட வேண்டும்.

ரஷ்யாவில் 1874இல் பிறந்த நிக்கோலஸ், 1928இல் குலு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, 1947இல் அங்கேயே மறைந்தார். மகன் ஸ்வெதொஸ்லாவும் ஓவியர். நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூரு அருகே தாதகுனி எஸ்டேட்டில் வாழ்ந்தவர். தந்தையின் மலைகளையும் தன் ஓவியங்களையும் தான் வாழ்ந்த ஊரின் பரிஷத்துக்கே கொடுத்தார். இந்தியாவில் உள்ள நிக்கோலஸின் ஓவியங்கள் 1979 முதல் நாட்டின் கலைச் செல்வங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

கொடுத்தது நிலைத்தது. கொடுக்காமல் விட்டது என்ன ஆனது? 1993இல் ஸ்வெதொஸ்லாவும் 1994இல் தேவிகா ராணியும் காலமானார்கள். வாரிசு இல்லை. 450 ஏக்கருக்கு மேற்பட்ட எஸ்டேட் வழக்கில் சிக்கியது. அதைக் கையகப்படுத்த கர்நாடக அரசு 1996இல் தனிச்சட்டமே போட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ 2011இல். தானம் செய்ய நினைப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இதைச் சென்னைக்குத் தெற்கே சிறுசேரியிலிருந்து எழுதக் காரணம் உண்டு. சிப்காட் தொழிற்பூங்கா வருவதற்கு முந்தைய ஏரிக்கரை, கேளம்பாக்கத்து உப்பளம், முட்டுக்காட்டுக் கழிமுகம், பக்கிங்ஹாம் கால்வாய்ப் படகுகள் ஆகியவற்றை நேரில் பார்த்து வரைந்த கைகள் இந்தப் பக்கம் இல்லாமலா போயிருக்கும்? ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரே இயற்கைக் காட்சிகளில் தொடங்கியவர்தான். ஏரி தூர்ந்த பிறகு, அதன் பழைய கரை எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு நீர்வண்ணப் படமாவது மிஞ்ச வேண்டும்.

ஆனால் அப்படிப்பட்ட படங்கள் வீட்டுச் சுவரில் அழிகின்றன. கடற்காற்றின் ஈரத்தில் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கிறது. படச்சட்டத்தின் பின்பலகையைக் கரையான் அரிக்கிறது. ஜன்னல் வெயிலில் நிறம் வெளுக்கிறது. தாத்தா காலமானதும் பரணுக்குப் போன படம், வீடு இடிக்கும்போது குப்பை லாரியில் ஏறுகிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், யார் வரைந்தது, எந்த இடம், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம், சோழமண்டலம், எழும்பூர் அருங்காட்சியகம் என்று விசாரியுங்கள். ஏற்றுக்கொள்ளும் இடம் கிடைத்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டுத் தானப் பத்திரம் எழுதிக் கொடுங்கள்.