பேசாத பொத்தான்கள்

கல்முனை, மருதமுனை, நிந்தவூர்க் கரையோரத்து நேயர்களுக்குக் கடற்காற்றின் குணத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. சைக்கிள் சங்கிலியும் கதவுக் கீலும் அதனிடம் படும் பாட்டை அவர்கள் நாளும் காண்கின்றனர். பழைய சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியின் பொத்தான்களையும் அதே காற்று ஊமையாக்கிவிடுகின்றது. விசைகளை அழுத்தினால் இசை எழுகின்றது. ஒலியை மாற்றும் பொத்தானோ எத்தனை முறை அழுத்தினும் இணங்குவதில்லை. கருவியே செத்துவிட்டதென்று மூலையில் ஒதுக்குவோர் உளர். பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு.

1984இல் யப்பானிலிருந்து வெளிவந்த றோலண்ட் ஜூனோ 106 போன்ற கருவிகளில், பொத்தானின் கீழே சிறிய ஆளியொன்று உண்டு. அதனுள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு, அழுத்தும்போது வளைந்து இரு தொடுகைகளை இணைக்கும். வீட்டு மின்குமிழின் ஆளியில் பாய்வது 230 வோல்ற்று. தொடுகையில் சிறிது களிம்பு படர்ந்தாலும், எழும் தீப்பொறி அதனை எரித்துவிடும். இங்கோ ஏறத்தாழ 5 வோல்ற்றும் மிகச் சிறிய மின்னோட்டமுமே உள்ளன. களிம்பைத் துளைக்கும் வலிமை அவற்றுக்கில்லை. உப்புத்துகள் ஈரத்தை ஈர்த்து வைத்திருப்பதால், மாரிகாலத்தில் இத்தொல்லை மிகும்.

எங்கே பழுது என்பதைக் கருவியைத் திறக்காமலே ஓரளவு அறியலாம். பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இருப்பதில்லை. மருதமுனைத் தறியிலே பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கிடுவதுபோல், மின்பாதைகள் நெட்டும் குறுக்குமாக ஓட, அவை சந்திக்கும் இடங்களில் பொத்தான்கள் அமைந்திருக்கும். இயங்குபவை எவை, இயங்காதவை எவை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்க. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருந்தால் பழுது ஆளிகளில். ஒரு கூட்டம் முழுவதும் ஒருங்கே அடங்கியிருந்தாலோ, அறுந்தது ஓர் இழை: பட்டைக் கம்பியின் செருகி தளர்ந்திருக்கலாம், பற்றாசு வெடித்திருக்கலாம். அப்போது ஆளிகளை மாற்றுவது வீண் வேலை.

திறப்பதற்குமுன் ஓர் எச்சரிக்கை. ஜூனோ 106 தன்னுள் 128 ஒலியமைப்புகளை வைத்திருக்கும். அவற்றைக் காப்பது உள்ளே பற்றாசு வைத்துப் பொருத்திய வட்டமான லிதியம் மின்கலம். அதைக் கழற்றினால், உரியவர் ஆண்டுக்கணக்கில் அமைத்த ஒலிகள் யாவும் அழிந்துபோம். பொத்தான்கள் ஓரளவேனும் இயங்கும்போதே அவற்றை ஒலிநாடாவில் பதிந்துகொள்வது நன்று. கருவியிலேயே அதற்கு வசதி உண்டு.

மின்செருகியைக் கழற்றிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். தையல் இயந்திர எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ விடலாகாது. அது தூசியைச் சேர்த்து, நாளடைவில் கேட்டைப் பெருக்கும். நீர் கலவாத ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு துளி விட்டுப் பலமுறை அழுத்தினால் ஆளி உயிர்பெறக்கூடும். ஆனால் சில வாரங்களில் மீண்டும் ஊமையாவதே வழக்கம். வீட்டுப் பாவனைக்கான சிறு கருவிகள் பலவற்றில் ஆளிக்குப் பதிலாகக் கரி பூசிய இறப்பர் இருக்கும். அதனை மென்மையாகத் துடைத்தாற் போதும். சுரண்டினால் கரி உதிர்ந்துவிடும்.

ஆளியை மாற்றுவதே நிலையான வழி. 6 மில்லிமீற்றர்ச் சதுர ஆளியின் விலை அற்பம். ஆயினும் தண்டின் உயரம் பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். அதன் நான்கு கால்கள் இரண்டிரண்டாக உள்ளே இணைந்தவை. ஆளியைக் கால்வட்டம் திருப்பிப் பொருத்தினால், அந்தப் பொத்தானை யாரோ இடைவிடாது அழுத்திக்கொண்டிருப்பதாகவே கருவி எண்ணும். திறந்த கையோடு, இன்னும் இயங்கும் ஏனைய ஆளிகளையும் மாற்றிவிடலாம். அவையும் அதே வயதினவே.